முகூர்த்தத்துக்கு முன் கடன் கணக்கு

கடனை அடைத்துவிட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வோர் உண்டு. கல்யாணத்தை முடித்துவிட்டால் கடனை மெல்ல அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்வோர் அதைவிட அதிகம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மில்லையும் தறியையும் தையல் இயந்திரத்தையும் கறவை மாட்டையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு யோசனைகளுமே முழுதாகப் பொருந்துவதில்லை. கடன் அடைய நாலைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பெண்ணின் வயது நிற்காது, பையனின் கல்லூரிச் சேர்க்கை காத்திருக்காது, ஒழுகும் கூரை பொறுக்காது. விசேஷத்தை முதலில் முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிய குடும்பங்களோ ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டியும் அசலைத் தொட முடியாமல் தவிக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் சிக்கலின் வேர். குடும்பத்தில் ஒரு மாற்றம் வந்த பிறகு வீட்டுக்குள் எவ்வளவு வருமானம் வரும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். அந்தத் தொகையை வைத்தே இன்றைய கடனையும் நாளைய செலவையும் ஒரே தாளில் எழுத வேண்டும்.

இந்த வட்டாரத்தின் வருமானத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து நூற்பாலைகள் இந்த ஊரின் முதுகெலும்பாக இருந்துவருகின்றன. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பின்னால் சுற்றுக் கிராமங்களின் கறவை மாடுகள் நிற்கின்றன. மில்லில் நிரந்தரமாக இருப்பவரைத் தவிர்த்தால், இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வாரக்கூலி, பீஸ் கூலி, லிட்டர் கணக்கு என்றுதான் பணம் வருகிறது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வாரத்துக் கூலி இல்லை. 2022இல் பருத்தி நூல் விலை உச்சத்துக்குப் போனபோது தமிழ்நாட்டின் விசைத்தறி ஊர்கள் எல்லாம் இதை அனுபவித்தன. வருமானம் இப்படி ஏறி இறங்கும். கடன் தவணையோ ஒரு வாரம்கூட ஏறி இறங்காது.

அந்தத் தவணைகளும் ஒரே வகையானவை இல்லை. பெண்கள் பெயரில் வாங்கும் வாரக் குழுக்கடன், கடைக்காரர் வாங்கும் நாள் தண்டல், தெரிந்தவரிடம் பத்திரம் எழுதி வாங்கிய இரண்டு வட்டி, மூன்று வட்டிக் கடன், அடகில் இருக்கும் நகை, இருசக்கர வாகனத் தவணை, கைமாத்து என்று ஐந்தாறு அடுக்குகள் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். ஒவ்வொன்றின் உண்மையான விலையும் வேறு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். 3 ரூபாய் என்பது 36 சதவீதம். 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிக்கும் தண்டலில் வட்டி ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால் அது ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு லட்சத்துக்கு '12 சதவீதம் பிளாட்' என்று சொல்லி 24 தவணையில் 1,24,000 ரூபாய் வாங்கும் கடனின் உண்மை விகிதம் ஏறத்தாழ 21.6 சதவீதம். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய சில்லறைக் கடன்களுக்கு இந்த உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

இந்த நிலைக்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமும் இல்லை, உண்மையும் இல்லை. 2019ஆம் ஆண்டுக்கான தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 35 சதவீதமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கடனில் இருந்தன. தென் மாநிலங்களில் இந்த விகிதம் தேசியச் சராசரியைவிட மிக அதிகம். நகரத்துக் கடனில் 87 சதவீதம் வங்கி போன்ற நிறுவனங்களிடமிருந்து வந்தது. கிராமத்தில் அது 66 சதவீதம்தான். மீதி மூன்றில் ஒரு பங்கு தனியாரிடம் வாங்கியது. பாதி நகரமும் பாதி கிராமமுமாக இருக்கும் இந்த இரட்டை ஊர் வட்டாரத்தில் இரண்டு வகைக் கடனும் ஒரே வீட்டு வாசலில் வந்து சேர்கின்றன. உழைப்பில் குறை இல்லாத குடும்பங்கள் கடனில் அமிழ்கின்றன என்றால், கோளாறு கடன் வாங்கும் முறையிலும் கொடுக்கும் முறையிலும் இருக்கிறது.

ஒரு மாதிரிக் குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் தறியில் மாதம் 16,000 ரூபாய், அம்மாவுக்குத் தார் சுற்றுவதில் 6,000, மகளுக்கு மில்லில் 12,000 என்று வைத்தால் மொத்தம் 34,000. எல்லாத் தவணையும் சேர்ந்து மாதம் 12,000 என்றால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கஷ்டம்தான், ஆனால் ஓடும். மகளுக்கு வரன் அமைகிறது. இரண்டு வட்டிக்கு மூன்று லட்சம் வாங்குகிறார்கள். கல்யாணத்துக்கு மறுமாதம் மகளின் 12,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வராது; வருமானம் 22,000 ஆகிவிடும். பழைய தவணை 12,000, புதுக்கடனுக்கு வட்டி மட்டும் 6,000, ஆக 18,000. வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கடனுக்கே போய்விட, அரிசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் மிஞ்சுவது 4,000. புதுக்கடனின் அசலில் ஒரு ரூபாய்கூட இதில் குறையவில்லை. கடன் கூடிய அதே நாளில் சம்பாதிக்கும் கை ஒன்று குறைகிறது என்பதுதான் கல்யாணக் கடனின் கொடுமை. கல்யாணப் பேச்சில் நகை, சீர், மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசப்படுகின்றன; குறையப்போகும் அந்தச் சம்பளம் மட்டும் பேசப்படுவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மகளின் சம்பளம் மகளுடையது. மூன்றாண்டு வேலை முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை நூற்பாலைகளில் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' தமிழ்நாட்டில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கல்யாணச் செலவு ஒரு பெண்ணின் இளமையையும் உழைப்பையும் எவ்வளவு விழுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே மகள் சம்பாதிக்கும்வரை அதை வைத்துக் கடனை அடைப்போம் என்பது இந்தக் கட்டுரையின் யோசனை ஆகாது. அவள் வருமானத்தை நம்பித் தவணைகளை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள் என்பதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் வரம்பு வைத்திருக்கிறது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததே குடும்பம் என்பது அந்த விதியின் வரையறை. அதே அளவுகோலை இன்றைய 34,000 ரூபாய்க்கு வைத்துப் பார்த்தால் 17,000 வரை தவணை தாங்கும் என்று தோன்றும். நாளை மகள் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவாள் என்பது குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். எனவே 22,000 ரூபாயை வைத்து எண்ண வேண்டும். அதன் பாதி 11,000. இன்றைய தவணையே அதைத் தாண்டுகிறது. கல்யாணத்துக்கு ஓராண்டு இருக்கும்போதே தண்டலையும் ஒரு குழுக்கடனையும் முடித்துத் தவணையை 5,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தால், புதிதாக 6,000 ரூபாய்த் தவணைக்கு இடம் கிடைக்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுகளில் அடைக்க அந்தத் தவணைக்கு ஏறத்தாழ 1,27,000 ரூபாய் கிடைக்கும். இரண்டு வட்டியில் 1,13,000 ரூபாய்தான். அந்தக் குடும்பம் தாங்கக்கூடிய கல்யாணக் கடன் ஒன்றேகால் லட்சம். மூன்று லட்சம் இல்லை. பாதி என்பதும் உச்சவரம்பே. தறி நிற்கும் வாரங்களையும் எண்ணினால் மூன்றில் ஒரு பங்கே பத்திரம்.

கல்யாணத்துக்குச் சொன்னது மற்ற மாற்றங்களுக்கும் பொருந்தும். மகன் தனிக்குடித்தனம் போகும்போது அவன் பெயரில் அப்பா வாங்கிய கடனை யார் கட்டுவது என்பதைப் பாத்திரம் பண்டம் பிரிப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்திக்குக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை, பழைய கடனை ஒரே அடியில் குறைக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அது புது வீட்டுச் சாமான்களில் கரைந்துவிடக் கூடாது. மில்லிலிருந்து ஓய்வுபெறுவோருக்குப் பணிக்கொடை வரும். அதன் பிறகு மாதச் சம்பளம் வராது. எனவே ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே புதுத் தவணைகளை நிறுத்திவிட வேண்டும். சம்பாதிப்பவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் பேச விரும்புவதில்லை. பல குழுக்கடன்களில் கடனாளிக்கும் கணவருக்கும் சேர்த்தே காப்பீடு பிடிக்கப்படுகிறது. அதைக் கேட்டுப் பெறத் தெரியாமல் தொடர்ந்து தவணை கட்ட நேர்வது வேதனை. ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டம் வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 50 வயது வரையிலான எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? வட்டி அதிகமுள்ளதை முதலில் முடிப்பதே கணக்குப்படி சரி. ஆனால் சின்னக் கடன்களை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வருமே என்று கேட்பார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வும் கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்கள் கடனிலிருந்து முழுதாக வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இந்த வட்டாரத்தில் அந்தச் சர்ச்சைக்கு அதிக இடமில்லை. இங்கே மிகச் சிறிய கடனான தண்டல்தான் மிக அதிக வட்டியும் கொண்டது. அதை முடித்தால் மனமும் கணக்கும் ஒன்றாகத் தேறும். அடுத்து மூன்று வட்டி, பிறகு இரண்டு வட்டி. குழுக்கடன் மட்டும் விதிவிலக்கு. அதில் ஒருவர் தவறினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் அதன் தவணை எந்த வாரத்திலும் தவறக் கூடாது. கையில் பணம் சேர்ந்தால் அதை முன்கூட்டியே முடிக்கலாம். நுண்கடனை முன்னதாக அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. தீபாவளி போனஸ், மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய் போன்ற வரவுகளை அசலுக்கென்று ஒதுக்கிவிடலாம். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் விசேஷச் செலவு குறைவான மாதங்கள். ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து ஆவணிக் கல்யாணங்கள் தொடங்கும் முன் ஒரு முறை, தை பிறக்கும் முன் ஒரு முறை எனக் குடும்பமே உட்கார்ந்து கடன் கணக்கைப் பார்ப்பது நல்ல வழக்கம்.

வீட்டில் நகை இருக்க ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். மூன்று வட்டியில் இருக்கும் 2 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 72,000. அதையே நகையை வைத்துக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மாற்றினால் 20,000. மிச்சமாகும் 52,000 ரூபாய் அசலுக்குப் போகும். இது நல்ல முடிவு, ஒரு நிபந்தனையோடு. 2025 தொடக்கத்தில் ஒரு பவுன் 57,000 ரூபாய் அளவில் இருந்தது. அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. அதே நகைக்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்ற அழைப்பு வரும். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு நெறிமுறையும் இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனில் மதிப்பின் 85 சதவீதம் வரை கொடுக்க வழிவிட்டிருக்கிறது. அந்தக் கூடுதல் பணத்தை வாங்கி விசேஷத்துக்குச் செலவழித்தால், வட்டியை மட்டும் கட்டி நகையை மறு அடகு வைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். கடைசியில் நகை மூழ்கிப்போகும். பழைய கடனை அடைக்கத் தேவையான தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்ற உறுதி இருந்தால் மட்டுமே நகையை வைக்கலாம். வருங்கால வைப்பு நிதிக்கும் இதுவே பொருந்தும். 2024-25ஆம் ஆண்டுக்கு அது ஈட்டிய வட்டி 8.25 சதவீதம். 36 சதவீதக் கடனை முடிக்க அதிலிருந்து எடுப்பது கணக்குப்படி லாபம். பந்தல் அலங்காரத்துக்கு எடுப்பது முதுமையை விற்பது.

மொய் வருமே, அதில் கடனைக் கட்டிவிடலாமே என்ற நம்பிக்கைதான் பல கல்யாணக் கடன்களுக்குத் துணிவு தருகிறது. மொய் நம் சமூகம் கண்டெடுத்த அருமையான பரஸ்பர உதவி. நெருக்கடியில் வட்டியில்லாமல் கைகொடுப்பது. ஆனால் மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்ய வேண்டியது, அதுவும் அவர்கள் வீட்டில் தேதி குறிக்கும்போது. அதை வருமானம் என்று எழுதாமல், தேதி தெரியாத வட்டியில்லாக் கடன் என்று எழுதுவதே நேர்மையான கணக்கு. சீட்டும் அப்படித்தான். பதிவுபெற்ற சீட்டில் கடைசித் தவணைகள்வரை பொறுத்திருந்து எடுப்பவருக்கு அது சேமிப்பு. அவசரத்துக்குத் தள்ளி எடுப்பவருக்கு அது இன்னொரு கடன்.

இத்தனை கணக்கும் மானத்துக்கு முன் நிற்குமா என்று கேட்பவர்களை ஒதுக்கிவிட முடியாது. நாலு பேர் முன்னால் பிள்ளையின் கல்யாணத்தைக் குறையில்லாமல் நடத்த வேண்டும் என்ற ஆசை கண்ணியமானது. தேதியைத் தள்ளிப்போடச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமும் இல்லை. தேதி அப்படியே இருக்கட்டும், அளவு மாறட்டும். வரதட்சிணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்தப் பங்கைக் கழித்தாலே பல கல்யாணங்களின் கடன் பாதியாகும். தமிழ்நாடு அரசே தாலிக்குத் தங்கம் வழங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022இல் உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றியது. கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் படிப்புக்குத் திருப்பிய அந்த முடிவைக் குடும்பங்களும் எடுக்கலாம். அதில் மானக்குறைவு எதுவும் இல்லை. வாசலில் தண்டல்காரர் உரக்கப் பேசுவதைவிட எளிய கல்யாணம் மானத்துக்குப் பெரிய காவல்.

மாதக் கடைசியில் எதுவுமே மிஞ்சாதவரிடம் அட்டவணை பேசி என்ன பயன் என்பது இதைவிடக் கனமான கேள்வி. குடும்பத்தின் ஒழுங்கு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். தள்ளுபடிக்காகக் காத்திருப்பதும் வழியாகாது. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை அடகு வைத்திருந்த தகுதியுள்ளோரின் நகைக்கடன் தள்ளுபடியானது பலருக்கு ஆறுதல் தந்தது. தண்டலும் தனியார் வட்டியும் அதில் அடங்கவில்லை. சட்டங்களும் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் வந்து 14 ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்கிரையானது. வலுக்கட்டாய வசூலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் வசூலிப்பவரின் கையைக் கட்டும். அவசரத்துக்குப் பணம் தேடுபவருக்கு வேறு கதவைத் திறக்காது.

அந்தக் கதவு கூட்டுறவுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2018இல் பாலக்காட்டில் 'முற்றத்தே முல்லை' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுக்குப் பணம் தருகின்றன; குழுவினர் வீட்டு வாசலுக்கே சென்று சிறு கடன் தந்து வாராவாரம் வசூலிக்கிறார்கள்; வட்டி ஆண்டுக்கு 12 சதவீதத்துக்குள். தண்டல்காரரின் வசதியை எடுத்துக்கொண்டு அவரது வட்டியை மட்டும் விலக்கிய திட்டம் அது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கூட்டுறவு நகர வங்கிகள் இருக்கின்றன. விருதுநகர் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும், பால் உற்பத்தியாளர் சங்கங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் இருக்கின்றன. பழைய கடன்களை நேரடியாகக் கடன்காரருக்கே செலுத்தி, பத்திரத்தைத் திரும்பப் பெற்று, எல்லாவற்றையும் வாரத் தவணையாக ஒரே கடனில் சேர்க்கும் வசதியை இவர்களால் தர முடியும். இப்படிச் சேர்த்துக் கொடுத்தால் மறுபடியும் வெளியே கடன் வாங்குவார்களே என்ற அச்சத்துக்கு, நேரடிச் செலுத்துதலும் குழுவின் கண்காணிப்பும் ஓரளவு விடை. தறி நிற்கும் வாரங்களில் தவணையைத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டையும் அதில் சேர்த்தால் இந்த வட்டாரத்தின் தொழிலுக்கு அது பொருந்தும். மில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கங்களும் போனஸ் பேச்சோடு இதையும் பேச வேண்டும். கடன் நெருக்கடியில் இருக்கும் தொழிலாளி வேலையை விட்டு ஊரை விட்டுப் போனால் இழப்பு அவர்களுக்கும்தான்.

குடும்பம் செய்ய வேண்டியது ஒன்று, ஊர் செய்ய வேண்டியது ஒன்று. வரன் பேசவோ வீடு மாறவோ மாடி எடுக்கவோ உட்காரும் முதல் நாளில், அந்த மாற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் மாத வருமானத்தையும் இன்றைய தவணைகள் அத்தனையையும் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து ஒளிக்காமல் எழுத வேண்டும். அந்தத் தாளில் மிஞ்சும் தொகைதான் விசேஷத்தின் அளவு. மிஞ்சாத வீட்டுக்குப் பன்னிரண்டு சதவீத வட்டிக் கதவு ஒன்றைத் திறந்துவைப்பது ஊரின் கடமை. அடுத்த ஆவணி முகூர்த்தங்களுக்குள் ஒரு கூட்டுறவு வங்கியாவது இந்த இரட்டை ஊர்களில் அதைத் தொடங்கட்டும்; அதற்கான அனுபவமும் அமைப்பும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன.